போடாக்ஸ்: ஒரு தடவை செலவா, வருஷா வருஷம் கட்டுற சந்தாவா?



"பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல போடாக்ஸுக்கு என்ன வேலை?"ன்னு நீங்க கேட்கலாம். வேலை இருக்கு. நடுத்தர வயசுக்காரங்க போட்டுக்கிற ஊசியா இருந்த இது, இப்போ "சுருக்கம் வர்றதுக்கு முன்னாடியே தடுத்துடுங்க"ன்னு 25, 28 வயசுக்காரங்களுக்கும் விற்கப்படுது. கூடவே இ.எம்.ஐ வசதியும் காட்டுறாங்க. அப்படின்னா இது உங்க பட்ஜெட் விஷயம்தான்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். முகத்துல சில தசைகளைச் சுருக்கும்போதுதான் நெற்றியிலயும் புருவத்துக்கு நடுவுலயும் கோடு விழுது. நரம்பிலிருந்து அந்தத் தசைக்குப் போற சிக்னலை போடாக்ஸ் தற்காலிகமா தடுக்குது. தசை தளர்ந்ததும் கோடு குறையுது. புருவத்துக்கு நடுவே விழுற கோடுகளுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2002-லயே அனுமதி கொடுத்திருக்கு. அதனால இது ஏமாத்து வேலை இல்லை. ஆனா பலன் பொதுவா 3 முதல் 4 மாசம்தான். அப்புறம் நரம்பு பழையபடி வேலை செய்ய ஆரம்பிச்சா, கோடும் திரும்ப வந்துடும்.

என் மொத்த வாதமும் அந்த 3-4 மாசத்துலதான் இருக்கு. க்ளினிக்ல உங்ககிட்ட சொல்றது ஒரு தடவைக்கான விலை. நீங்க வாங்குறதோ ஒரு சந்தா.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவைக்கு 12,000 ரூபாய்னு வெச்சுக்குவோம் (இது உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க). வருஷத்துக்கு 3 தடவைன்னா 36,000, அதாவது மாசம் 3,000 ரூபாய். 10 வருஷத்துல, விலையே ஏறலைன்னாலும், 3.6 லட்சம். அதே 3,000-ஐ எஸ்.ஐ.பி-ல போட்டு, வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ச்சி கிடைச்சா சுமார் 6.2 லட்சம் ஆகும். வளர்ச்சிக்கு உத்தரவாதம் கிடையாது, ஆனா 28 வயசுல ஆரம்பிக்கிற செலவோட உண்மையான அளவு இதுல புரியும்.

இப்போ இ.எம்.ஐ-க்கு வருவோம். 12 மாச இ.எம்.ஐ-ல ஒரே ஒரு தடவை ஊசி போட்டா, நாலாவது மாசத்தோட பலன் போயிடும், மீதி 8 மாசம் தவணை மட்டும் ஓடும். நடுவுல ரெண்டாவது ஊசியையும் இ.எம்.ஐ-ல போட்டா, ஒரே நெற்றிக்கு ரெண்டு கடன்! பைக்குக்குக் கடன் வாங்கினா, தவணை முடியும்போது பைக்காவது கையில இருக்கும்.

இன்சூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. அழகுக்காகச் செய்யுற சிகிச்சை, ஹெல்த் பாலிசிகளோட வழக்கமான விலக்குப் பட்டியல்லயே இருக்கு. மருத்துவச் சேவைக்கு இருக்கிற ஜி.எஸ்.டி விலக்கும் அழகு சிகிச்சைக்குப் பொதுவா பொருந்தாது. அதனால சொல்ற விலை வரியோட சேர்த்தான்னு கேளுங்க.

ஆஃபர் விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். இந்த மருந்தோட அளவு 'யூனிட்'. புருவ நடுக்கோட்டுக்கு எஃப்.டி.ஏ அனுமதிச்ச அளவு 20 யூனிட். எத்தனை யூனிட், எந்த பிராண்ட், போடுறது தகுதியான தோல் மருத்துவரான்னு கேட்காம விலையை ஒப்பிடவே முடியாது. தப்பான இடத்துல மருந்து பரவினா கண் இமை சில வாரங்களுக்குத் தொங்கிப்போகலாம்.

"நிறுத்தினா முகம் முன்னைவிட மோசமாயிடுமோ?"ன்னு பயந்தே சிலர் தொடர்றாங்க. அப்படி ஆகாது. பழைய முகம்தான் திரும்ப வரும். பயத்துக்காகக் கட்டுற சந்தாவை இன்னைக்கே நிறுத்தலாம்.

அப்போ போடவே கூடாதா? நான் அப்படிச் சொல்லலை. கேமரா முன்னாடி நிக்கிற வேலையா இருக்கலாம், இல்ல வெறும் ஆசையாவும் இருக்கலாம். உங்க முகம், உங்க சம்பளம். ஆனா என் கருத்து இதுதான்: 6 மாச எமர்ஜென்சி ஃபண்ட், சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, ஓடிட்டிருக்கிற எஸ்.ஐ.பி, இந்த மூணும் முடிஞ்ச பிறகு, ஒரு வருஷச் செலவு முழுசும் ரொக்கமா கையில இருந்தா மட்டும் போங்க. கிரெடிட் கார்டைத் தேய்ச்சுத்தான் போடணும்னா, இப்போதைக்கு வேண்டாம்.

அதுவரைக்கும் தினமும் சன்ஸ்கிரீன் போடுங்க. சீக்கிரமே சுருக்கம் விழறதுக்கு வெயில் ஒரு பெரிய காரணம். பைக்ல ஆபீஸ் போறவங்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

உங்க ஊர் விலையை வெச்சு 10 வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்க. வந்த தொகையைக் கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்!