நிறைமாதத்தாளின் குனிவும் படுக்கையும்

நம் லால்குடி வட்டாரத்தில் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் வயல்களில், நடவு எந்திரம் வந்த பின்னும், கையால் நாற்று நடும் பெண்களைக் காண்கிறோம். அவர்களுள் ஏழெட்டு மாதக் கர்ப்பவதிகளும் உண்டு. இடுப்பை வளைத்து மணிக்கணக்கில் சேற்றில் நிற்கும் அத்தாயின் வயிற்றுக்குள் நிகழ்வது யாதென்று அவள் கணவனும் மாமியாரும் அறிந்திருத்தல் நலம்.

பேறு நெருங்குகையில் குழந்தை ஏறத்தாழ மூன்று கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோ. கருப்பை ஒரு கிலோ. பனிக்குட நீர் வேறு. இத்தனைக்கும் இடம்விட்டு உதரவிதானம் மேலேறுகிறது, இரைப்பை நெருக்குண்கிறது. இந்நிலையில் குனிவது, நிறைந்த மூட்டையை மடிப்பது போன்றதே. உள்ளழுத்தம் கூடிப் புளித்த நீர் நெஞ்சுக்கு ஏறும், மூச்சு முட்டும். கனத்த குடம் தூக்குவதும், மலச்சிக்கலால் முக்குவதும் அவ்வழுத்தத்தையே மிகுவிக்கும்.

இதனினும் கருதத்தக்கது படுக்கை. கீழுடலின் குருதியை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரை முதுகெலும்பை ஒட்டி வலப்பக்கமாக ஓடுகிறது. தாய் மல்லாந்து படுத்தால் கருப்பை அதன்மேல் அமர்ந்து நசுக்குகிறது. சிலருக்கு வியர்த்து மயக்கம் வரும். குழந்தைக்குச் செல்லும் குருதியும் குறையும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் வெளியான கணக்கின்படி, 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து உறங்கச் சென்றவர்களிடையே, குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு, இடப்பக்கம் படுத்தோரைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம். வலப்பக்கம் படுத்தோர்க்கு அத்தகைய கேடு காணப்படவில்லை. இவ்விறப்பு அரிது, ஆகையால் நள்ளிரவில் மல்லாந்தபடி விழித்துக்கொண்டவள் அஞ்ச வேண்டா. ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

நம் பாட்டிமார், "அப்படியே புரளாதே, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, கொடி சுற்றிக்கொள்ளும்" என்பர். கொடி சுற்றுவது குழந்தையின் அசைவால். தாய் புரள்வதால் அன்று. களைத்தவளை இரவில் பத்து முறை எழுப்பி உட்கார வைப்பது வீண் துன்பமே. படுக்கையை விட்டு எழும்போது மட்டும் ஒருக்களித்துக் கையூன்றி எழட்டும்; நேரே எழுந்தால் வயிற்றுத் தசை வீணே இழுபடும்.

கூலியை இழந்து எங்ஙனம் வீட்டில் இருப்பது? நியாயமான கேள்வி. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இதற்காகவே உள்ளது. ஏழைத் தாய்க்கு முதல் இரு பேறுகளுக்கும், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் உதவி. கிராம சுகாதாரச் செவிலியரிடம் தொடக்கத்திலேயே பதிந்துகொள்ள வேண்டும். அப்பணம் பழைய கடனுக்குப் போய், பெண் மீண்டும் வயலுக்குப் போகிற வீடுகளும் உண்டு. அது நமக்கு உடன்பாடன்று.

கோயிலிலும் ஒரு சொல். எழுந்தேற்ற வேளையில் நிறைமாதத்தாள் முழந்தாளிட்டுப் பெஞ்சின்மேல் கவிழ வேண்டியதில்லை. நெடுநேரம் நிற்கவும் வேண்டா. அமர்ந்தே செபிக்கட்டும், பக்கத்தில் இருப்போர் முகம் சுளிக்க வேண்டா.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, படுக்கையை மாற்றியும் மயக்கம் தெளியாவிடினும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து அப்பொழுதே மருத்துவமனை செல்க.