பழைய கிட்டார் ஆம்ப்பை விற்று பெருசா வாங்கலாமா? வாட்ஸ் கணக்கைப் பாருங்கள்!

"பழசைக் கொடுத்துட்டு பெருசா ஒண்ணு எடுத்துடலாம்." கிட்டார் வாசிப்பவர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வீட்டு மூலையில் தூசு படிந்த நாலைந்து பெடல், ஒரு 15 வாட்ஸ் ஆம்ப். எல்லாவற்றையும் விற்று, மேலே கொஞ்சம் போட்டால் 30 வாட்ஸ் ஆம்ப் வந்துவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பேரத்தில் பலரையும் ஏமாற்றுவது அந்த வாட்ஸ் எண்தான்.

இரண்டு மடங்கு வாட்ஸ், இரண்டு மடங்கு சத்தமா?

இல்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் ஜாஸ்தி' என்று தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானது போல் உணர சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 15 வாட்ஸ் போய் 150 வாட்ஸ் வர வேண்டும்!

அந்த 3 டெசிபலை ஸ்பீக்கரை மட்டும் மாற்றியும் பெறலாம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே ஸ்பீக்கரின் 'சென்சிடிவிட்டி'. 97 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், வாட்ஸை இரட்டித்ததற்குச் சமம். ஓம்ஸ் அளவும், ஸ்பீக்கர் தாங்கும் வாட்ஸும் பொருந்த வேண்டும்.

பெரிய ஆம்ப் மோகம் எங்கிருந்து வந்தது?

1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் பிறந்தது முதல் மார்ஷல் ஆம்ப்பான ஜேடிஎம்45. சில ஆண்டுகளிலேயே 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்செண்ட் போன்றவர்கள் இன்னும் சத்தம் கேட்க, 100 வாட்ஸ் ஆம்ப்கள் வந்தன. அதற்கு நியாயமும் இருந்தது. அன்றைய மேடை ஒலிபெருக்கிகள் பாடகரின் குரலுக்கே திணறின. கிட்டார் கடைசி வரிசை வரை போக ஆம்ப்பேதான் முழங்க வேண்டும்.

இன்று நிலைமை வேறு. திருவிழா கச்சேரியோ, கல்யாண மேடையோ, ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்தால் மிச்சத்தை சவுண்ட் சர்வீஸ்காரர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று, வால்வு ஆம்ப்பின் அந்த இனிமையான கரகரப்பு வால்யூமை நன்றாக ஏற்றினால்தான் வரும். அடுக்குமாடி வீட்டில் 100 வாட்ஸை அப்படி ஏற்ற முடியுமா?

விற்ற காசு ஓசிக் காசா?

உதாரணத்துக்கு, 40,000 ரூபாய்க்கு வாங்கியதை 22,000-க்கு விற்று, மேலே 38,000 போட்டு 60,000 ரூபாய் ஆம்ப் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கூடுதல் வாட்ஸுக்காக மட்டும் என்றால், அந்த 38,000 ரூபாய் போவது 3 டெசிபலுக்கு. கடையை விட்டு வெளியே வந்ததும் புதுசும் 'செகண்ட் ஹேண்ட்'தான்.

அப்படியானால் விற்கவே கூடாதா?

விற்கலாம். ஹெட்போன் வசதி வேண்டும், பைக்கில் ஏற்ற முடியாத கனம் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். அப்போதும் வாங்கப்போகும் ஆம்ப்பில் சொந்த கிட்டாரைச் சொருகி அரை மணி நேரமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப் என்றால் 120 வோல்ட்டா என்று பார்ப்பது கட்டாயம். நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான் வரும்.

வால்யூம் குமிழைத் திருகும்போது 'கரகர' சத்தம் வருகிறதா? பெரும்பாலும் குமிழைச் சுத்தம் செய்தாலே போய்விடும். வால்வு தேய்ந்திருந்தால் மாற்றலாம். ஆனால் வால்வு ஆம்ப்பை வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும். அது மெக்கானிக் வேலை.

'சத்தம் பத்தலை' என்பது மட்டும்தான் குறை என்றால், விற்பனை விளம்பரம் போடும் முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்து, காதுக்கு நேராகத் திருப்பி வாசித்துப் பார்க்கலாம். அத்தனை நாளும் அது கணுக்காலுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கும்.