சக்கர நாற்காலியும் உபலக்கணமும்

நீலப் பலகையிலே வெண்ணிறத்தில் தீட்டிய சக்கர நாற்காலிப் படத்தை வாகனத் தரிப்பிடங்களிலும் மலசலகூட வாயில்களிலும் காண்கின்றோம். 1968ஆம் ஆண்டில் சுசான் கோஃபோட் என்னும் தென்மார்க்கு நாட்டு மாணவி வரைந்தது அப்படம். பின்னர் அதற்கு ஒரு தலையும் சேர்க்கப்பட்டு, 1969 முதல் உலகெங்கும் வழங்கலாயிற்று.

படம் நன்று. அதற்குப் பொருள் கொள்ளும் முறையிலேதான் இடர் நேர்கின்றது. 'சக்கர நாற்காலியில் வருவோர்க்கு மாத்திரமே இவ்விடம்' என்று பலர் கொள்கின்றனர். இஃது உபலக்கணத்தை மறந்து கொள்ளும் பொருளாகும்.

ஒரு சொல் தன்னை உணர்த்துவதோடு அமையாது, கூறப்படாது எஞ்சிநின்ற தன் இனத்தையும் தழுவிக்கொள்ளுதல் உபலக்கணம். 'நஞ்சுண்டான் சாவான்' என்றவிடத்து, நஞ்சுண்டவள் பிழைப்பாள் என்று எவரும் கருதார். சக்கர நாற்காலியும் அத்தகையதே. இயலாமையால் இடர்ப்படுவோர் அனைவரையும் குறித்தற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. நாற்காலி வரைதற்கு எளிது. குடலின் அழற்சியையும் இதயத்தின் தளர்ச்சியையும் பலகையிலே எங்ஙனம் வரைவது?

நம் நாட்டில் வழங்கிவந்த சொல்லும் இம்மயக்கத்துக்குத் துணைசெய்தது. 'அங்கவீனம்' என்பது அங்கம் ஈனமாதல். குறையானது கையிலோ காலிலோ கண்ணுக்குப் புலப்படல் வேண்டும் என்ற எண்ணத்தை அச்சொல்லே விதைத்துவிட்டது. சட்டமோ அவ்வாறு கூறவில்லை. இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாத்தற்கு 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 28ஆம் இலக்கச் சட்டம், உடலாற்றலோ உளவாற்றலோ குறைந்தமையால் தம் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்ற இயலாதவர் என்றே வரைவிலக்கணம் கூறியது. அங்கே அளவுகோல் இயலாமை, தோற்றம் அன்று.

கண்ணுக்குப் புலப்படாத குறையுடையோர் யாவர்? பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் இதயநோயாளர். வயிற்றிலே துவாரமிட்டு, மலம் பையிலே சேரும்படி சத்திரசிகிச்சை செய்யப்பட்டோர். கால்சட்டைக்குள்ளே செயற்கைக் காலை மறைத்து நடப்போர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. ஆயினும் செல் சிதறல்களை இன்னும் உடம்பிற்குள்ளே சுமந்து வாழ்வோர் நம்மிடையே உளர். பஸ் வண்டியில் நிற்கும் அவர்களைப் பார்த்து, 'நல்ல தேகசுகம் உள்ளவர்' என்றே அயலிலிருப்பவர் நினைப்பர்.

இவர்கள் அந்தத் தனிக் கூடத்தை நாடுவது சொகுசுக்காக அன்று. குந்தியிருக்க இயலாதவருக்கு இருக்கை வேண்டும். எழுந்திருக்கப் பிடிகம்பி வேண்டும். பையைக் கழுவுவோருக்கு அறைக்குள்ளேயே நீரும் தொட்டியும் வேண்டும். தரிப்பிடம் வாயிலுக்கு அண்மையில் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வாறே. நாற்பது அடித் தூரம் ஒருவருக்கு ஒன்றுமில்லை. மற்றொருவருக்கு அன்றைய வலிமை முழுவதும் அதிலேயே கழிந்துவிடும்.

எனக்கும் நெடுநாளாகப் பெருங்குடல் அழற்சி உண்டு. அந்நோய் தவணை தருவதில்லை. அழைத்தால் அப்பொழுதே செல்லல் வேண்டும். ஒருகால், ஓர் அலுவலகத்திலே அந்தக் கூடத்தின் திறப்பைக் கேட்டேன். காவலாளி என்னை மேலும் கீழும் நோக்கி, "ஐயா, இது ஏலாத ஆக்களுக்கு. உங்களுக்கு ஒண்டும் இல்லையே?" என்றார். அவரிடத்தில் வன்மம் இல்லை. திறப்பைக் காக்கும்படி பணிக்கப்பட்டவர் அவர். ஆனால் வரிசையிலே இருபது பேர் செவிகொடுத்து நிற்க, என் குடலின் வரலாற்றை நான் உரைத்தாலன்றித் திறப்புக் கிடையாது என்னும் நிலை அங்கே இருந்தது. எத்துணை முதியவராயினும், எத்துணை எளியவராயினும், எவரையும் அந்நிலையில் நிறுத்துதல் தகாது.

'எல்லாரையும் விட்டால் பொய்யர் புகுந்துவிடுவரே' என்பது தடை. தருக்க நூலார் வழி நின்று விடை கூறலாம். புகையுள்ளவிடத்து நெருப்பு உண்டு. ஆனால் புகையில்லாதவிடத்து நெருப்பு இல்லை என்று துணிதல் கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே புகையில்லை, தொட்டால் சுடும். கைத்தடியும் நாற்காலியும் புகை போன்றன. அவை காணப்படாமையால் நோயும் இல்லையென்பது போலி அனுமானம்.

அன்றியும், இரு பிழைகளையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பொய்யன் ஒருவன் அக்கூடத்தினுட் புகுந்தால் சில நிமிடம் இழப்பு. மெய்யாகவே இயலாத ஒருவரைத் திருப்பிவிட்டால், அவர் இழப்பது மானம். இவ்விரண்டும் ஒருநிறையன அல்ல. தரிப்பிடத்தின் வழக்கு வேறு. அங்கே வண்டி நெடுநேரம் இடத்தைக் கொள்ளும். ஆதலின் வைத்தியச் சான்றின்மேல் அட்டை வழங்குதல் தகும். இங்கிலாந்திலே, 2019 ஆகஸ்ட் 30 முதல், வெளியே தெரியாத குறையுடையோருக்கும் நீல அட்டை கிடைக்குமாறு விதி விரிக்கப்பட்டது. யப்பானிலே, 2012ஆம் ஆண்டில் தோக்கியோ பெருநகர அரசு, வெண்சிலுவையும் இதயமும் பொறித்த செந்நிற அடையாளம் ஒன்றை இத்தகையோருக்கென வகுத்தது. எங்கும் தகுதியைத் துணிய வேண்டியவர் வைத்தியரும் அட்டை வழங்குவோருமே, வழிப்போக்கர் அல்லர்.

சக்கர நாற்காலியில் வருவோருக்கு வேறு கூடம் இல்லையென்பதையும் மறத்தலாகாது. அவர் காத்து நின்றால் அவருக்கே முதலிடம். ஆனால் இருக்கும் ஒன்றையும் பூட்டிவைத்து விளக்குமாறும் வாளியும் அடுக்கிவிட்டு, இடமில்லை என்று இருசாராரையும் மோதவிடுதல் முறையன்று. தேவைப்படுவது இன்னும் சில கூடங்கள். இன்னும் சில காவலாளர் அல்லர்.

சூத்திரம் மயக்கம் தருமிடத்து உரை எழுதுதல் நம் முன்னோர் வழக்கம். அப்படமும் ஒரு சூத்திரமே. பாடசாலை அதிபர்களும், அலுவலகத் தலைவர்களும், கோயில் தர்மகர்த்தாக்களும் அதன் கீழே ஒரு வரி உரை எழுதுவிப்பாராக: 'வெளியே தெரியாத குறையுடையோருக்கும் இவ்விடம் உரியது.' மூன்று மொழியிலும் எழுதலாம். செலவு ஒரு பலகையும் சிறிது வர்ணமுமே. திறப்பையும் காவலாளியின் மேசையிலிருந்து எடுத்துக் கதவருகே மாட்டிவிடலாம்.