பூனையின் விளையாட்டும் நமது கடமையும்

'பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராணசங்கடம்' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. வலியோரின் வேடிக்கை எளியோர்க்கு உயிர்வேதனையாய் முடிதலைச் சுட்டவே இதனை எடுத்தாளுவர். ஆயினும், இதனுள் பூனையின் சுபாவத்தைப் பற்றிய ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. பூனைக்கு வேட்டை வேறு, விளையாட்டு வேறு அன்று. பதுங்குதல், உற்றுநோக்குதல், பாய்தல், பற்றுதல், கடித்தல் என்னும் இவையே அதன் வேட்டை. அதன் விளையாட்டும் இவையே. ஆதலின், வேட்டைக்கு இடமின்றி வீட்டினுள் வாழும் பூனைக்கு விளையாட்டை அளிப்பது வளர்ப்போரின் கடமை என்பதும், அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை என்பதும் எம் கருத்து.

தர்மபுரி மாவட்டத்தில் சேர்வராயன் மலைக்கு அண்மையில், வாணியாற்றுப் பாசனத்தைச் சார்ந்து விளங்கும் பாப்பிரெட்டிப்பட்டியை எடுத்துக்கொள்வோம். இத்தகைய ஊர்களில் முற்காலத்துப் பூனை உழைத்துண்ணும் பிராணியாக இருந்தது. கேழ்வரகும் சாமையும் நிறைந்த குதிருக்கு அதுவே காவல். களமும் வைக்கோற்போரும் கூரையின் எரவாணமும் அதன் வேட்டைக்காடுகள். இந்நாளிலோ பல வீடுகளில் குதிர் இல்லை. கூரை நீங்கித் தளம் வந்துவிட்டது. சாலையில் விரையும் வாகனங்கட்கு அஞ்சிப் பூனையை உள்ளே வைத்துக் கதவடைப்பாரும் பலர். அவ்வச்சம் நியாயமானதே. எனினும், அப்பூனைக்கு வேளைதோறும் உணவு வருகிறது. வேலை மட்டும் இல்லை. உடல் பருத்தல், பாயையும் திரைச்சீலையையும் பிறாண்டுதல், நடப்போர் காலைக் கவ்வுதல், நள்ளிரவில் வீடெங்கும் ஓடித்திரிதல் ஆகியன பெரும்பாலும் இக்குறையினால் விளைவன. இவற்றைக் கண்டு 'பொல்லாத பூனை' என்று கோலெடுத்தல் தகுமோ?

பட்டணத்துக் கடைகளில் பூனைக்கென்றே விளையாட்டுப் பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்க இயலாதார் வருந்த வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, பூனை ஒரே பொருளோடு மீண்டும் மீண்டும் விளையாடினால் சலிப்படையும் என்பதையும், வேறொரு பொருளைக் கண்டவுடன் ஊக்கம் மீளப்பெறும் என்பதையும் காட்டிற்று. எனவே, விலையுயர்ந்த ஒன்றினும் விலையில்லாத பலவே பூனைக்கு உகந்தவை. இரண்டு மூன்றை மட்டும் வெளியே வைத்து, ஏனையவற்றைப் பெட்டியிலிட்டு, சில நாட்கொருமுறை மாற்றி மாற்றித் தருவதே முறை.

இனி, பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊரில் கைக்கெட்டும் பொருள்களைக் காண்போம். சிறுவர்க்கு முடைந்து தரும் பனையோலைப் பந்து பூனைக்கும் ஏற்றது. மணிகளை உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கை கோணலாய் உருள்வதால் பூனை அதனை விடாது துரத்தும். நான்கைந்து புளியங்கொட்டைகளைச் சிறு டப்பாவிலிட்டுத் திறவாதபடி மூடினால் அது கிலுகிலுப்பையாகும். கிழிந்த காலுறையுள் பழந்துணியை அடைத்து வாயைத் தைத்தால் அஃது எலியாகும். அட்டைப்பெட்டியின் பக்கங்களில் பூனையின் கால் எளிதில் நுழைந்து மீளுமாறு துளைகளிட்டு, உள்ளே உணவுத் துணுக்குகளை வைத்தால், அவற்றைத் துழாவி எடுப்பதில் அது நெடுநேரம் ஈடுபடும். விளிம்பு தேய்த்த கொட்டாங்கச்சிகள் மூன்றைக் கவிழ்த்து, ஒன்றன்கீழ் வேகவைத்த மீன் துணுக்கை ஒளித்து வைப்பதும் நல்ல விளையாட்டே. கருவாடு உப்பு மிகுந்ததாகையால் இதற்கு ஆகாது.

வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் வளரும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயருண்டு. அதன் வேரின் மணத்திற்குப் பூனை மயங்கிப் புரளுவதைக் கண்டே நம் முன்னோர் அப்பெயரிட்டனர் போலும். மேனாட்டார் இதே பயன் கருதி வேறொரு பூண்டினை விலைக்கு வாங்குகின்றனர். குப்பைமேனியின் வேரைக் கழுவி உலர்த்தி, துணி எலியினுள் வைத்து இறுகத் தைத்தால் நமக்கு அப்பூண்டு வேண்டுவதில்லை. இதனை மோப்பதற்கே தருதல் வேண்டும், தின்னவிடலாகாது. துணி கிழிந்தவுடன் அதனை நீக்கிவிடுக.

எல்லாவற்றினும் சிறந்தது மூங்கிற்குச்சியின் நுனியில் கயிறு கட்டி, அதன் முனையில் கோழியிறகைப் பிணைத்து ஆட்டுவது. அதனைப் பூனையின் முகத்திற்கு நேரே ஆட்டுதல் தவறு. எந்த இரையும் தன்னைக் கொல்வானை நோக்கி ஓடி வாராது. சுவரோரமாக இழுத்தும், பாயின்கீழ் மறைத்தும், சற்றே நிறுத்தியும், பூனையை விட்டு விலகியோடும் பிராணிபோல் அதனை அசைத்தல் வேண்டும். இறுதியில் இறகு பூனையின் கையில் அகப்படட்டும். உடனே சிறிது உணவு அளித்திடுக. வெறுங்கையையே விளையாட்டுப் பொருளாக்குவோர், பூனைக்குத் தம் கையைக் கடிக்கப் பயிற்றுவோரேயாவர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. விளையாட்டு முடிந்தவுடன் கயிறுள்ள பொருளைப் பெட்டியிலிட்டு மூடுக. பூனையின் நாவிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை. வாயில் அகப்பட்ட நூலை அதனால் எளிதில் உமிழ இயலாது. விழுங்கிய நூல் ஓரிடத்திற் சிக்கிக்கொள்ளுமாயின், குடல் அதன்மீது சுருங்கி அறுபட்டு உயிருக்கே ஆபத்து நேரும். தையல் நூல், பூத்தொடுக்கும் நார், ரப்பர் வளையம் ஆகிய யாவும் இவ்வகையினவே. நூலின் நுனி வெளியே தோன்றினும், அதனைப் பிடித்திழுக்காது கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

'மனிதர்க்கே பொழுதில்லாத காலத்தில் பூனையோடு விளையாடுவதாவது!' என்று நகைப்பாரும் இருக்கலாம். அதற்கு வேண்டும் பொழுது மிகச் சிறிது. எக்ஸிட்டர் சர்வகலாசாலையார் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 219 வீடுகளைச் சேர்ந்த 355 பூனைகளைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, அதன் முடிவை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாள்தோறும் 5 முதல் 10 நிமிஷம் இத்தகைய விளையாட்டைப் பெற்ற பூனைகள் வீட்டிற்குப் பிடித்துவரும் பிராணிகளின் தொகை நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. நம் தோட்டத்து அணிலுக்கும் ஓணானுக்கும் அந்தச் சில நிமிஷங்கள் நன்மையாய் முடியக்கூடும். பழமொழி கூறும் பிராணசங்கடத்தைச் சிறிதேனும் தணிக்க வழி நம் கையிலுள்ளதென்றால், அதனைக் கையாளாதிருத்தல் முறையன்று.

எலிப்பிடிக்கவே பூனை வளர்க்கும் உழவர் இவ்வேற்பாட்டை நாடவேண்டுவதில்லை. அவர்தம் பூனைக்குக் களத்திலேயே வேலை உண்டு. யாம் பரிந்து பேசுவது கதவடைத்த வீட்டுப் பூனைக்காகவே. நம் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வீட்டிலுள்ள தம்பி தங்கையரைக் கூட்டிக்கொண்டு ஓலைப்பந்தொன்றும் துணியெலியொன்றும் செய்வாராக. விடியற்காலையும் அந்தியும் பூனையின் வேட்டைப்பொழுதுகள். அவ்விரண்டில் ஒன்றிற் பத்து நிமிஷம் ஒதுக்குவது எவர்க்கும் பாரமாகாது. நம் வசதி கருதி ஒரு பிராணியை வீட்டினுள் அடைத்த நாம், அதன் சுபாவத்திற்கு ஏற்ற வாழ்வைச் சிறிதேனும் அதற்குத் தரக் கடமைப்பட்டவர்கள் அன்றோ?