அடக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்: சிறுநீர்ப்பைப் பிரச்னையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எப்போது தண்ணீர் குடித்தால், எங்கே கழிப்பறை கிடைக்கும்? வேலைக்குப் போகும் பெண்கள் பலர் யாரிடமும் சொல்லாமல் தினமும் போடுகிற கணக்கு இது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில், அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஒரு பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகங்களும், பாதையின் அந்தக் கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் என நீளும் இந்தப் பகுதியில் ஷிஃப்ட் வேலைதான் அதிகம். நினைத்த நேரத்தில் இடத்தை விட்டு நகர முடியாது. பெண்களுக்குத் தனியாக, மறைப்போடு கூடிய கழிப்பறை வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால், கழிப்பறை இருந்தால் மட்டும் போதுமா? போய்வர நேரமும் கிடைக்க வேண்டுமே! தண்ணீரைக் குறைப்பதும், வந்ததை அடக்குவதும் பழக்கமாகிவிடுகிறது.

பிறகு ஒருநாள் எரிச்சல் வருகிறது. அல்லது, தும்மினால் கசிகிறது. அல்லது, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் உடை நனைந்துவிடுகிறது. எரிச்சல் என்றால் 'உடம்பு சூடு' என்று நீர்மோரும் வெந்தயமும். அதற்கும் கேட்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் நான்கு மாத்திரை. கசிவு என்றால் அதுகூட இல்லை. 'ரெண்டு புள்ளை பெத்தா அப்படித்தான்' என்று பேச்சு முடிந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். மேலே சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு பிரச்னைகள். ஒன்றுக்கான சிகிச்சை இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம். எது என்று கண்டுபிடிப்பதோ பலரும் பயப்படும் அளவுக்கு வலியானதும் இல்லை, செலவானதும் இல்லை. பாதி வேலையை ஒரு நோட்டும் ஓர் அளவுக் குவளையும் முடித்துவிடும்.

டாக்டர் கேட்கும் கேள்விகள்

இருமும்போது, சிரிக்கும்போது, குடம் தூக்கும்போது கசிகிறதா? இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கலாம். திடீரென முட்டிக்கொண்டு வந்து, ஓடுவதற்குள் கசிகிறதா? சிறுநீர்ப்பைத் தசை நேரங்கெட்ட நேரத்தில் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றி, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறதா? பை முழுதாகக் காலியாகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

பிரசவங்கள் எத்தனை, ஆயுதம் போட்டு எடுத்தார்களா, மாதவிடாய் நின்றுவிட்டதா, மலச்சிக்கல் உண்டா, ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்றெல்லாம்கூடக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் பிரியவைப்பவை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்ப் பாதை உலர்ந்து, கிருமியே இல்லாமலும் எரியலாம்.

மூன்று நாள் நோட்டு

ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் இருப்பதுபோல மூன்று நாள்களைத் தேர்ந்தெடுங்கள். என்ன குடித்தீர்கள், எவ்வளவு. எத்தனை மணிக்குச் சிறுநீர் போனது, எத்தனை மில்லி. அவசரம் இருந்ததா, கசிந்ததா. இவ்வளவுதான் எழுத வேண்டும். இதற்கென்று ஒரு பழைய அளவுக் குவளையை ஒதுக்கிவிடுங்கள். வேலை இடத்தில் அளக்க முடியாவிட்டால் நேரத்தை மட்டுமாவது குறியுங்கள்.

சிறுநீர்ப்பை பொதுவாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். பகலில் ஏழெட்டு முறை போவது இயல்பு. ஒவ்வொரு முறையும் 100 மில்லிகூட வராமல் அடிக்கடி ஓடுகிறீர்கள் என்றால், பை அவசரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் நிறைய வந்து, ஒரு நாள் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் பிரச்னை பையில் இல்லை. அதிகம் குடிக்கிறீர்கள் அல்லது ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கலாம். 12 மணி நேர ஷிஃப்டில் ஒரே ஒருமுறைதான் போனது என்றால், அதையும் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

சிறுநீர்ப் பரிசோதனை: கவனம் தேவை

சீழ் அணு, ரத்தம், சர்க்கரை இருக்கின்றனவா என்று முதலில் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் கல்ச்சர் பரிசோதனை. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சொல்வது இதுதான். முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும்.

கல்ச்சர் சரியாக வர வேண்டுமானால் சாம்பிள் சரியாக இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக் கூடாது. தாமதிக்காமல் லேபில் கொடுத்துவிட வேண்டும். முக்கியமாக, ஆன்டிபயாடிக் மாத்திரை போட ஆரம்பிப்பதற்கு முன்பே சாம்பிள் கொடுக்க வேண்டும். இரண்டு மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

இன்னொன்றும் உண்டு. சீழ் அணுக்கள் இருக்கின்றன, ஆனால் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டும் மாதக்கணக்கில் எரிச்சல் தீரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடுவார்கள். சாதாரண கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. அதற்கென்று தனிப் பரிசோதனை வேண்டும்.

இருமிக் காட்டும் பரிசோதனை

சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்வார்கள். இருமிய நொடியிலேயே கசிந்தால் ஒரு காரணம். சில விநாடிகள் கழித்துக் கசிந்தால் வேறு காரணம். கருப்பை இறக்கம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இடுப்புத்தளத் தசையை இறுக்கச் சொல்லி, அதன் பலத்தை விரலால் பரிசோதிப்பார்கள். கசிவுக்குச் சொல்லித்தரப்படும் 'கெகல்' பயிற்சி இந்தத் தசைக்கானதுதான். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதியதிலிருந்து பிரபலமானது. உள்ளிழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குபவர்கள் உண்டு. அந்தத் தவறும் இந்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். திருமணமாகாத பெண் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் ஆகியவற்றிலிருந்தே தொடங்க முடியும்.

ஸ்கேன் இரண்டு முறை ஏன்?

முட்டியதும் ஒரு ஸ்கேன், போய்வந்ததும் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். இரண்டாவது ஸ்கேன், பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்காக. 50 மில்லிக்கும் குறைவென்றால் பை நன்றாகக் காலியாகிறது. 200 மில்லியைத் தாண்டினால் அடைப்போ, நரம்புப் பிரச்னையோ இருக்கிறதா என்று ஆராய வேண்டும். நீண்டகாலச் சர்க்கரைநோய் சிறுநீர்ப்பையின் நரம்புகளைப் பாதிக்கும் என்பதால், ரத்தச் சர்க்கரையையும் பார்ப்பார்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால், சர்க்கரைப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

பலருக்கு இத்தோடு காரணம் தெரிந்துவிடும். சிகிச்சையும் தொடங்கிவிடலாம். மெல்லிய குழாய் வழியே பையில் நீர் நிரப்பி அழுத்தத்தை அளக்கும் 'யூரோடைனமிக்' பரிசோதனை, ஆபரேஷனுக்கு முன்போ, முதல்கட்ட சிகிச்சை பலன் தராதபோதோதான் தேவைப்படும். சின்ன கேமராவை உள்ளே செலுத்திப் பார்க்கும் 'சிஸ்டோஸ்கோப்பி', சிறுநீரில் ரத்தம் போன்ற சந்தேகங்களுக்கு.

தள்ளிப்போடவே கூடாத அறிகுறிகள்

கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தம். வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும்கூடக் காட்ட வேண்டும். புற்றுநோய் இப்படியும் தலைகாட்டலாம். குளிர்காய்ச்சலோடு விலா, முதுகு வலி என்றால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவது ஆகிய இரண்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. கர்ப்பிணிக்கு லேசான எரிச்சல் என்றாலும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

எங்கே போவது?

அத்திப்பட்டு சுற்றுவட்டாரப் பெண்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ தொடங்கலாம். அடுத்தகட்டப் பரிசோதனைகள் தேவைப்பட்டால், ரயில் பாதையின் மறுமுனையில் வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. பெண்களுக்கென்றே ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம் மருத்துவமனையும் இருக்கிறது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை என்றால், மூன்று நாள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு போங்கள்: 'ஆறு மாதமாக இருமினால் கசிகிறது; ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறேன்.' அதை நீட்டினால் போதும். மற்ற கேள்விகளை டாக்டர் கேட்டுக்கொள்வார்.