படகுவீட்டில் தொழிலாளிக்கு இடம் எங்கே?

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து ஓணம் நெருங்கும்போது, ஆலப்புழையின் புன்னமடைக் காயலோரம் படகுவீடுகள் மீண்டும் வரிசைகட்டி நிற்கத் தொடங்குகின்றன. மழைமாதங்களில் வருமானமின்றிக் கிடந்த தொழில் அப்போதுதான் உயிர்பெறுகிறது. அதன்பின் கோடை விடுமுறை முடியும்வரை, நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் வரும் பயணிகளைச் சுமந்துகொண்டு அவை வேம்பநாட்டுக் காயலிலும் குட்டநாட்டுக் கால்வாய்களிலும் இடையறாது ஓடுகின்றன. கேரளச் சுற்றுலாவை உலகுக்கு அறிமுகப்படுத்தும் படங்களில் முதலிடம் இவற்றுக்கே. ஆனால் அந்தப் படகின் பின்பகுதியில், என்ஜினின் இரைச்சலுக்கும் அடுப்பின் வெப்பத்துக்கும் இடையே வேலை செய்யும் மூன்று மனிதர்கள் எந்த விளம்பரப் படத்திலும் இடம்பெறுவதில்லை. சுமார் முப்பது ஆண்டுகளில் இந்தத் தொழில் அடைந்திருக்கும் மாற்றங்களை அவர்களுடைய இடத்திலிருந்து பார்ப்பது அவசியமாகிறது.

படகுவீட்டின் முன்னோடி கெட்டுவள்ளம். மலையாளத்தில் ‘கெட்டு’ என்பது தமிழில் ‘கட்டு’. அயினி மரப் பலகைகளை ஓர் ஆணியும் அடிக்காமல் தென்னைநார்க் கயிற்றால் கட்டி இணைத்து, இடுக்குகளில் நார் அடைத்து, முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெய் பூசி உருவாக்கப்பட்ட சரக்குப் படகு அது. குட்டநாட்டின் நெல்லையும், ஆலப்புழையின் கயிற்றையும், தேங்காயையும் மிளகையும் கொச்சித் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது இதுவே. நீண்ட கழிகளை ஊன்றித் தள்ளியபடி இரவும் பகலும் அதைச் செலுத்திய வள்ளக்காரர்களின் உழைப்பில்தான் திருவிதாங்கூரின் வணிகம் நடந்தது. சாலைகளும் பாலங்களும் லாரிகளும் வந்தபின் வள்ளங்களுக்குச் சரக்கு குறைந்தது. பல வள்ளங்கள் கரையோரம் மக்கிப்போயின. செலுத்தியவர்கள் வேறு கூலிவேலைகளைத் தேடிப் போனார்கள்.

1990களில் அந்தப் பழைய வள்ளங்கள் மேல் மூங்கிலும் பனம்பும் கொண்டு கூரை வேய்ந்து, ஒன்றிரண்டு அறைகள் அமைத்து, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் முறை தொடங்கியது. வேலையிழந்த வள்ளக்காரனுக்கும் தச்சனுக்கும் கயிறு திரிப்பவருக்கும் அது மறுவாழ்வாகத் தோன்றியது. ஓரளவு மறுவாழ்வாகவும் இருந்தது. உள்ளூர்க் குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்தும் வங்கிக் கடன் பெற்றும் ஒரு படகை வாங்கி, வீட்டார் ஒருவர் அதில் வேலையும் செய்து பிழைத்தன. அக்காலத்துப் படகுவீடு பெரும்பாலும் சிறுவுடைமையாளரின் தொழிலாகவே இருந்தது.

இன்று நிலைமை வேறு. இரண்டு அடுக்குப் படகுகள், பல அறைகள், கூட்ட அரங்கு, அறைதோறும் ஏ.சி., அதை இயக்க இரவு முழுவதும் ஓடும் ஜெனரேட்டர் என்று படகின் உருவமே மாறிவிட்டது. அத்தகைய படகைக் கட்டுவதற்குத் தேவைப்படும் முதல் ஒரு காயலோரக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. எனவே காயலுக்குத் தொடர்பில்லாத முதலீட்டாளர்களின் பணம் இத்துறையில் புகுந்தது. ஒருவர் பெயரில் படகு, இன்னொருவர் கையில் குத்தகை, மூன்றாமவர் மூலம் முன்பதிவு என்று பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. ஏதேனும் கேடு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதே தொழிலாளிக்குத் தெரியாத நிலை உருவாகிவிட்டது.

முன்பு படகுத்துறையில் நிற்கும் தரகர் பயணியைப் பிடித்துத் தருவார். அவருக்குக் கூலி உண்டு. இப்போது அந்த இடத்தை இணையவழி முன்பதிவு நிறுவனங்கள் பிடித்துக்கொண்டுள்ளன. அவற்றுக்குச் சொந்தமாக ஒரு படகும் இல்லை; ஒரு துடுப்பும் இல்லை. ஆயினும் பயணி கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் முதல் பங்கு அவற்றுக்குப் போகிறது. பட்டியலில் மேலே தெரிய வேண்டுமானால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி சிறு உடைமையாளர்மீது விழுகிறது. டீசல் விலையையோ வங்கி வட்டியையோ அவரால் குறைக்க இயலாது. அவர் கைவைக்கக் கூடிய செலவு ஒன்றே ஒன்றுதான். அது தொழிலாளியின் ஊதியம். 2018 ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் 2020 இல் தொடங்கிய பெருந்தொற்றுக்கால முடக்கமும் இந்த நெருக்கடியை முற்றச் செய்தன. படகுகள் மாதக்கணக்கில் நின்றன. கடன் தவணைகளின் சுமை மட்டும் ஏறிக்கொண்டே போனது. தாங்க முடியாதவர்கள் படகை விற்க, தாங்கக் கூடியவர்கள் வாங்கினார்கள். சிறுவுடைமை பெருவுடைமையாகக் குவிவதைப் பற்றி ஏடுகளில் படித்தவர்கள், அதைப் புன்னமடைக் காயலில் கண்ணாரக் காணலாம்.

தொழிலாளியின் நாள் எப்படிக் கழிகிறது? நடைமுறையில் பயணிகள் நண்பகல் 12 மணியளவில் ஏறி, மறுநாள் காலை 9 மணியளவில் இறங்குகிறார்கள். அந்த இருபத்தொரு மணி நேரமும் படகைச் செலுத்தும் ஸ்ராங்கும், என்ஜினைக் கவனிக்கும் டிரைவரும், சமையல்காரரும் படகிலேயே இருக்கிறார்கள். இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் படகைக் கழுவி, விரிப்புகளை மாற்றி, மீனும் காய்கறியும் வாங்கி, டீசல் நிரப்பி, அடுத்த பயணிகளுக்காகக் காத்து நிற்க வேண்டும். பருவகாலத்தில் இது இடைவெளியின்றித் தொடர்கிறது. பயணிகளின் அறைகளுக்கு ஏ.சி. உண்டு, இவர்கள் உறங்குவது பல படகுகளில் சமையற்கட்டின் ஓரத்தில் அல்லது என்ஜின் அருகில். மாத ஊதியம் சொற்பம். மிச்சத்தைப் பயணி மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு ஈடுசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

சட்டம் இவர்களைக் காக்காதா என்ற கேள்வி எழும். இங்கேதான் நுணுக்கமான ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், வருங்கால வைப்புநிதி இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் உரியவை. ஒரு படகில் வேலை செய்வோர் மூவர். ஒற்றைப் படகின் உடைமையாளர் இந்தச் சட்டங்களின் எல்லைக்குள் வருவதேயில்லை. பல படகுகள் வைத்திருப்பவரும் அவற்றை மனைவி, மகன், மைத்துனர் பெயர்களில் பிரித்து வைத்தால் எல்லைக்கு வெளியே நின்றுகொள்ளலாம். பெருந்தொழில் ஒன்று முழுவதுமே ‘சிறு நிறுவனங்கள்’ என்ற போர்வைக்குள் மறைந்துவிடுகிறது. 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கி ஒன்றிய அரசு கொண்டுவந்த நான்கு தொகுப்புகளும் இந்த எண்ணிக்கை வரம்புகளை அகற்றவில்லை. பணியிடப் பாதுகாப்புக்கான தொகுப்பே பத்துப் பேரைத்தான் பொது வரம்பாக வைத்திருக்கிறது. தண்ணீரில் தவறி விழும் தொழிலாளி, தம்மோடு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டா விழுகிறார்?

தொழிலாளியின் பாதுகாப்பும் பயணியின் பாதுகாப்பும் பிரிக்க இயலாதவை. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்ட படகு, அரசுச் சுற்றுலாக் கழகத்துக்கே சொந்தமானது. இவ்விரு துயரங்களும் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் இருந்த காலத்தில் நிகழ்ந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விசாரணை நடக்கிறது, பரிந்துரைகள் வருகின்றன, சில மாதங்கள் சோதனைகள் கடுமையாகின்றன. பிறகு லாபவெறியின் அழுத்தத்தில் எல்லாம் தளர்கின்றன. ‘இதற்குமேல் ஆள் ஏற்ற மாட்டேன்’ என்று சொன்னால் மறுநாள் வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, எந்த ஸ்ராங்கும் அதைச் சொல்லத் துணியமாட்டார். வேலைப் பாதுகாப்பு உள்ள தொழிலாளியே பயணிக்கு முதற்காவல்.

காயலையே நம்பி வாழும் வேறொரு மக்கள்திரளும் உண்டு. மீனவர்களும், முங்கிக் கக்கா வாரும் தொழிலாளிகளும் படகுவீடுகள் பெருகியதன் சுமையைத் தங்கள் உடலிலும் வலையிலும் சுமக்கிறார்கள். நீர்மேல் எண்ணெய் படிகிறது. கழிவறைத் தொட்டிகளின் கழிவு காயலில் கலக்கிறது. மாலை மங்கியபின் படகுவீடுகள் ஓடக்கூடாது என்ற விதி மீனவர்களின் வலைகளைக் காப்பதற்காகவே ஏற்பட்டது. அது எப்போதும் மதிக்கப்படுவதில்லை. கடலின் உப்புநீர் நெல்வயல்களில் ஏறாமல் தடுக்க 1970களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகள் டிசம்பரில் மூடப்பட்டால் கோடையில்தான் திறக்கின்றன. அந்த மாதங்களில் கடலின் ஏற்றவற்றம் தென்காயலைக் கழுவிவிடுவதில்லை. சுற்றுலா உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான். தேங்கிய நீரில் மிகுதியான படகுகள் மிகுதியான கழிவைக் கொட்டுகின்றன. வேம்பநாடு 2002 இல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு காயலைச் சுத்தம் செய்துவிடவில்லை.

ஆயினும் எதிர்ப்பு பயனற்றது அல்ல. அதே காயலின் நெடியதுருத்துத் தீவில் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட ஆடம்பர விடுதியை எதிர்த்து முதலில் கிளம்பியவர்கள் வலைவிரிக்கும் இடத்தை இழந்த மீனவர்களே. நீண்ட வழக்குக்குப் பின் அதை இடிக்குமாறு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இது கேரளத்தோடு முடிகிற செய்தி அல்ல. 2016 இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கையை 111 ஆக உயர்த்திய ஒன்றிய அரசு, ஆறுகளையும் காயல்களையும் பெருமுதலீட்டின் களமாகவே காண்கிறது. 2023 ஜனவரியில் பிரதமர் தம் தொகுதியான வாரணாசியிலிருந்து ‘கங்கா விலாஸ்’ என்ற ஆடம்பரக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். 51 நாட்கள், சுமார் 3,200 கிலோமீட்டர், 36 பயணிகளுக்கு மட்டும் இடம். அந்தக் கப்பல் புறப்பட்ட அதே நகரத்தின் படித்துறைகளில், தலைமுறை தலைமுறையாகப் படகு வலித்து வாழும் நிஷாத் சமூகத்தினர், பெரிய சொகுசுப் படகுகள் தங்கள் பிழைப்பைப் பறிப்பதாக ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பி வருகிறார்கள். அந்தக் குரலுக்குக் கொடியசைக்க யாரும் வரவில்லை. 1917 ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், கலங்களின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் நாடெங்கும் ஒரே விதியை வகுக்கிறது. பாதுகாப்பு விதிகள் வேண்டியவையே. ஆனால் பொதுப்பட்டியலில் உள்ள ஒரு பொருளில் விதி வகுக்கும் அதிகாரம் தில்லியில் குவிகிறது. கலத்தில் உழைப்பவரின் ஊதியமும் ஓய்வும் அந்தச் சட்டத்தின் அக்கறைக்குள் வரவில்லை.

மாற்றுவழிகள் கேரளத்திலேயே உள்ளன. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’, சூரிய ஒளியில் இயங்கும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு. அதை இயக்குவது மாநில அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை. அதே துறை ஆலப்புழையில் உழைப்பாளிக் குடும்பங்களும் கொடுக்கத்தக்க கட்டணத்தில் காயலைச் சுற்றிக்காட்டும் படகுகளையும் நடத்துகிறது. 2023 இல் கொச்சியில் தொடங்கிய நீர் மெட்ரோ, தீவுகளில் வாழும் மக்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஒரே படகில் ஏற்றிச் செல்கிறது. டீசல் புகையும் எண்ணெய்ப் படலமும் இன்றிப் பொதுத்துறையால் படகு ஓட்ட முடியும் என்பதற்கு இவை சான்றுகள். தேக்கடியின் பாடத்தை மறவாமல், கண்டிப்பான பாதுகாப்புச் சோதனையோடு இவற்றை விரிவாக்க வேண்டும்.

நலவாரியம் என்ற வடிவமும் கேரளத் தொழிலாளி வர்க்கத்துக்குப் புதிதல்ல. யாரிடம் வேலை செய்கிறார் என்று நிலையாகச் சுட்ட முடியாத சுமைதூக்கும் தொழிலாளிக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டம் பதிவையும் கூலிப் பாதுகாப்பையும் நலநிதியையும் வழங்கியது. படகுத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். உரிமம் புதுப்பிக்கும்போது படகு ஒன்றுக்கு இவ்வளவு என்றும், முன்பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்றும் பங்களிப்பு பெற்றால், மூன்று பேர் வேலை செய்யும் படகும் முந்நூறு பேருக்கு வேலை தரும் நிறுவனமும் ஒரே கடமைக்கு உட்படும். இணையவழி நிறுவனங்களும் இந்தப் பங்களிப்பிலிருந்து தப்ப இயலாது.

இந்த அடிப்படையில் சில கோரிக்கைகளை உரக்க முன்வைக்க வேண்டியுள்ளது. படகுவீட்டுத் தொழிலாளர் அனைவருக்கும் பணி நியமன ஆணையும் குறைந்தபட்ச ஊதியமும் வார விடுப்பும் உறுதி செய்யப்பட வேண்டும். பணியாளர் உறங்கத் தனி இடம் இல்லாத படகுக்குத் தகுதிச் சான்று மறுக்கப்பட வேண்டும். அளவுக்கு மீறி ஆள் ஏற்ற மறுக்கும் ஸ்ராங்கின் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இணையவழி நிறுவனங்களின் தரகுக்கு உச்சவரம்பு வேண்டும். சிறு உடைமையாளர்கள் கூட்டுறவாக இணைந்து முன்பதிவை நடத்த அரசு துணைநிற்க வேண்டும். காயல் தாங்கும் அளவுக்கு மேல் புதிய படகுகளுக்கு அனுமதி கூடாது. கழிவுகளைப் பெற்றுச் சுத்திகரிக்கும் நிலையங்கள் எல்லாப் படகுத்துறைகளிலும் அமைய வேண்டும். இவற்றை முடிவு செய்யும் குழுக்களில் மீனவர்களும் தொழிலாளிகளும் இடம்பெற வேண்டும்.

இவை தாமாக வந்து சேரப் போவதில்லை. மூன்று மூன்று பேராகப் பிரிந்து, நீரின்மேல் சிதறிக் கிடக்கும் தொழிலாளிகளைத் திரட்டுவது எளிய பணி அல்ல. சிறு உடைமையாளரைப் பகைவராக்காமல் பெருமுதலாளியை எதிர்த்து நிற்பதும், மீனவருக்கும் படகுத் தொழிலாளிக்கும் இடையே மூட்டிவிடப்படும் பகையை ஆற்றுவதும் பொறுமை வேண்டும் வேலைகள். ஆனால் 1938 இன் பொது வேலைநிறுத்தத்தையும் 1946 இன் புன்னப்புரா-வயலாரையும் கண்ட மண் அது. தனித்தனிக் குடிசைகளில் கயிறு திரித்த பெண்களையும், கங்காணிகளின் பிடியில் இருந்த தொழிற்சாலைத் தொழிலாளிகளையும் சங்கமாக்கிய அனுபவம் அந்தக் காயல் கரைகளுக்கு உண்டு. படகுத்துறைகளில் அந்தப் பணி தொடங்கியிருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் படகுகள் கரைசேரும்போது, வேலையின்றி நிற்கும் தொழிலாளியின் கையில் குறைந்தபட்சம் ஒரு பதிவு அட்டையாவது இருக்கும்படி செய்வதே உடனடிக் கடமை.