அக்கா ஒரு ஹீரோயின்

போன ஞாயிறு ராசிபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். நெய் தோசைக்காகப் போனவன், அக்கா பையனின் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொண்டேன்.

"மாமா, இது 'ராஜி'. புனேக்காரங்க பண்ண கேம். 2020-ல வந்துது."

கதை இதுதான். ராஜி, சர்க்கஸில் வித்தை காட்டுகிற பெண். அவள் தம்பி கோலுவை அசுரர்கள் தூக்கிப் போகிறார்கள். துர்க்கை சூலம் தர, விஷ்ணு வில் தர, அக்கா சுவரேறிக் குதித்து, சக்கரம் சக்கரமாய்ச் சுழலும் புதிர்களைத் திருப்பிப் பொருத்தியபடி தேடிப் போகிறாள். நடுநடுவே நம்ம தோல்பாவைக் கூத்து மாதிரி காட்சிகள்!

இதை எடுக்க 2017-ல் இன்டர்நெட்டில் பணம் திரட்டிப் பார்த்தார்கள், இலக்கு எட்டவில்லை. கடைசியில் நிறுவனர் ஒருவர் சொந்த ஃப்ளாட்டையே விற்றாராம்.

நான் மூன்று தடவை பள்ளத்தில் விழுந்து செத்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா அது?"

"ஒரு அக்கா தம்பியைக் காப்பாத்தணும்க்கா."

"அதுக்கா இந்தப் பாடு? எந்திரி கண்ணு, தோசை ஆறுது."

குனிந்து தட்டை வைத்தாள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. என் காலேஜ் ஃபீஸுக்கு அடகுக் கடைக்குப் போன சங்கிலி, நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் அங்கேயேதான் இருக்கிறது.

அக்கா எப்போதோ தம்பியை மீட்டுவிட்டாள். தம்பிதான் இன்னும் முதல் லெவலிலேயே நிற்கிறான்.